முப்பது சென்ரிமீற்றர்

பதினைந்தாவது குண்டும் கீழே போனது.
பத்து மீற்றர் தள்ளி, கடதாசியில்,
ஒன்பதாம் வளையத்தின் அடிவயிற்றில் ஓர் ஓட்டை.
"என்ர கைதான் சரியில்லை, அக்கா" என்றாள் தர்மிளா.

அவள் கையைப் பார்த்தேன்.
ஐஸ் வாடியில் விடிய நாலு மணிக்குப்
பாரை மீன் நிறுக்கிற கை.
தராசு முள் நிற்கும்வரை நடுங்காத கை.
அது பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.
அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை:
உவர்மலைச் சரிவில், துறைமுகத்தார் கைவிட்ட கயிற்றுக் கிடங்கு,
மூன்று காற்றுத் துப்பாக்கி,
வங்கிக் கணக்கில் நாற்பத்தோராயிரம்.
அதற்குள் ஒரு வேகமானி.

குழல் நுனியில் மாட்டுவது ஒன்று இருந்தது.
உள்ளங்கையளவு. மலிவு.
ஆனால் நுனியில் பாரம் தொங்கினால்
குழல் வேறு குழலாகிவிடும்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடக்கிற நடை
யாருடைய நடை?

ராடார் பக்கத்தில் பேசாமல் இருக்கும்,
ஒன்றையும் தொடாது.
ஆனால் எங்கள் தடங்கள் மூன்றும் தோளோடு தோள்;
முபாரிஸ் சுட்டதைத் தர்மிளா கணக்கில் எழுதிவிடும்.
விலையைக் கேட்டு முபாரிஸ் சொன்னான்:
"அதுக்கு ஒரு வள்ளமே வாங்கலாம், கடலில சுடலாம்."

மிஞ்சியது ஒளி வாசல் இரண்டு,
இடையில் முப்பது சென்ரிமீற்றர்.
குண்டின் நிழல் முதலாவதைத் தொடும்,
பிறகு இரண்டாவதை.
நிழலுக்குத்தான் கணக்கு, குண்டுக்கு அல்ல.
எங்கள் கிடங்கிலோ நிழல் நம்பத்தக்கதல்ல:
காலையில் கிழக்கு ஜன்னலில் கடல் கண்ணாடி பிடிக்கும்,
பத்து மணிக்கு முகில் மூடும்,
கூரையில் ரியூப் லைற் தானும் துடித்துக்கொண்டிருக்கும்.
கடைக்காரர் கொழும்பிலிருந்து போனில் சொன்னார்,
"தன்ர விளக்கைத் தானே கொண்டு வாறது ஒன்று இருக்கு, மிஸ்.
வெளிச்சம் கடன் கேளாது."
முப்பத்தெட்டாயிரம்.

அனுமதிக் கடிதத்துக்குக் கச்சேரிக்குப் போனேன்.
பொருளின் பயன் என்ற இடத்தில்
'சன்னத்தின் வேகத்தை அளத்தல்' என்று எழுதியிருந்தேன்.
எழுதுநரின் பேனை அந்தச் சொல்லில் நின்றது.
அவருக்கும் என் வயதிருக்கும்.
இந்த ஊரில் எங்கள் வயதுக்காரர்
அந்தச் சொல்லை மெல்லத்தான் கடப்போம்.

பாலையூற்றில், மேசைக்கு அடியில்,
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்
நான் எண்ணியிருக்கிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று.
ஒரு கிலோமீற்றர். பரவாயில்லை, படுக்கலாம்.
அன்றைக்குத் தேவைப்பட்டது தூரம்.
வேகத்தை யாரும் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் பேசாமல் சொல்லை வெட்டினார்.
'ஈயமணி, அரைக் கிராம், விளையாட்டு' என்று
தன் கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தித் தந்தார்.

சனிக்கிழமை.
நான் பதிவேட்டோடு. தர்மிளா துப்பாக்கியோடு.
செக்கனுக்கு நூற்றெழுபத்தொன்று.
நூற்றெழுபத்திரண்டு.
நூற்றெழுபத்தொன்று.
நூற்றைம்பத்தொன்பது.

அந்த நாலாவதைத்தான் தேடியிருந்தேன்.
மெதுவாய்ப் போனது மெதுவாய் விழுந்தது,
பத்து மீற்றரில் இரண்டரை மில்லிமீற்றர்,
மிகச் சரியாக ஒரு வளையம்.
"பார், உன் கை இல்லை. காற்றுக் குழாயில் கசிவு" என்றேன்.
வழக்கில் வென்றவள் போல இருந்தது எனக்கு.

அவள் சிரிக்கவில்லை.
பதிவேட்டை என் மடியிலிருந்து இழுத்து
விரலால் வரி வரியாய் இறங்கினாள்.
"அப்ப இது? நூற்றெழுபத்தொன்று. எட்டாம் வளையம்.
இது? நூற்றெழுபத்திரண்டு. அதுவும் எட்டு."

நான் பதில் சொல்லவில்லை.
சாட்சியை அழைத்தவள் நான்;
அது கேட்டதற்கு மேலும் சொல்லும் என்று
யோசித்திருக்கவில்லை.
அவள் மறுபடி காலை அகட்டி நின்றாள்.
கசிவை அடைக்க முபாரிஸ் வளையம் தேடிப் போனான்.

மாலையில் எல்லோரும் போன பிறகு
கருவியை அணைக்க மறந்திருந்தேன்.
திரையில் புதிதாக ஓர் எண்: ஆறு.
யாரும் சுடவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது,
ஒரு தும்பி உத்தரத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

தேதி போட்டு அதையும் எழுதினேன்.
சுட்டவர் என்ற இடத்தில் ஒரு கோடு.